ஆய்வகத்துக்குள் வந்த வெள்ளம்

காலை எட்டு மணிக்கு ஆய்வகப் பூட்டைத் திறந்த தலைமை ஆசிரியர் சுப்பராயன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

சடையங்குப்பம் மூழ்கிக் கிடந்தது.

மேசைமேல் அட்டையில் செய்த சடையங்குப்பம் அது. பத்தாம் வகுப்பு மாணவர்கள் கோடை விடுமுறை முடிந்ததிலிருந்து தெருத் தெருவாக அலைந்து, போன வெள்ளத்தில் எந்த வீட்டில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று கேட்டுக் கேட்டுச் செய்தது. பதினொரு மணிக்கு வடிகால் அதிகாரிகள் பார்க்க வருவதாக இருந்தது. இப்போது சுவர்கள் சரிந்து, கூரைகள் கூழாகி, பலகை முழுக்கத் தண்ணீர் தேங்கி நின்றது.

"நேத்து பூட்டினது யார்?"

"நான்தான் சார்," என்றான் ஜஹாங்கீர். மாணவர் குழுவின் தலைவன்.

"எப்போ?"

"இருட்டுற நேரம். வீட்டுச் சுவத்துல தண்ணி நின்ன கோடு போட்டு முடிக்க லேட்டாயிடுச்சு. செவப்பு பெயிண்ட்டு கட்டியாப் பூட்ச்சு, பெஞ்சுக்கு அடிச்ச நீலத்த எடுத்தாந்து போட்டோம். அப்புறம் பூட்டி சாவிய உங்ககிட்ட குட்த்தேன்."

"ஜன்னல்?"

"கொக்கி ஒடைஞ்சி கீது சார். ஆனா சாத்திட்டுத்தான் போனேன்."

"ராத்திரி மழை. ஜன்னல் திறந்து கிடக்கு. போதும். அதிகாரிங்க முன்னாடி நீ நிக்க வேண்டாம்."

ஜஹாங்கீரின் காதுமடல்கள் சிவந்தன.

அவனுடைய வகுப்புத் தோழி எழில்மொழி அதற்குள் மேசையைச் சுற்றி வந்திருந்தாள். ஜன்னலை ஒட்டிய சுவரில் ஒரு காகிதப் படம் தொங்கியது. தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. பலகையில் தேங்கிய தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். அவள் முகம் மாறியது.

"அதை ஏன் வாயில வைக்கிற?" என்றார் சுப்பராயன். நனைந்ததை யாரும் பார்க்கக் கூடாதென்று தார்ப்பாயை இழுத்து மூடினார். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினார்.

எழில்மொழி ஆய்வகத்தின் பின்பக்கம் போனாள். செடிகளுக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய், போர் தண்ணீர்க் குழாயிலேயே மாட்டிக் கிடந்தது. அதன் மறுமுனை செடிகளின் பக்கம் இல்லை. ஜன்னலுக்கு நேர் கீழே கிடந்தது. பக்கத்தில் மதில் இடிந்த இடம். அதன் வழியாக ஊரில் யாரும் உள்ளே வரலாம்.

ஒன்பதரைக்கு வரலட்சுமி பள்ளி வாசலுக்கு வந்தாள். பெற்றோர் குழுவில் இருப்பவள். மாணவர்களை வீடு வீடாக அழைத்துப் போய், தயங்கியவர்களைப் பேச வைத்தவள் அவள்தான்.

"ஒரு வாரமா ஜுரம்மே. இந்தாண்டயே வர்ல. இன்னா ஆச்சு, எல்லாரும் ஒரு மாதிரி நிக்கிறீங்க?"

"மாடல் நனைஞ்சு போச்சுக்கா."

"அய்ய, பாவம். ஒவ்வொரு வூட்டுக்கும் நீலக் கோடு போட்டு எம்மாம் வேல செஞ்சிருப்பீங்க. மழைய யாரு தடுக்க முடியும்? யாரையும் ஒண்ணும் சொல்லிடாதீங்க."

எழில்மொழி அவளைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, "சாரைப் பார்க்கலாம், வாங்கக்கா," என்றாள்.

தலைமை ஆசிரியர் அறையில் ஜஹாங்கீரும் நின்றிருந்தான்.

"சார், அது மழை இல்ல," என்றாள் எழில்மொழி. "ஜன்னல் வழியா மழை அடிச்சிருந்தா பக்கத்துல தொங்குற படம்தான் மொதல்ல நனையணும். அது காய்ஞ்சு இருக்கு. தண்ணியும் உப்புக் கரிக்குது. மழைத் தண்ணி கரிக்காது. நம்ம போர் தண்ணிதான் கரிக்கும். யாரோ ஜன்னலைத் தள்ளித் திறந்து, கம்பி வழியா குழாய வுட்டு நனைச்சிருக்காங்க. சாவியே தேவையில்ல."

"யாரு?"

அவள் குரல் தாழ்ந்தது. "வரலட்சுமி அக்கா."

"எழிலு," என்றாள் வரலட்சுமி.

"செவப்புல கோடு போடறதாத்தான் எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தோம். நீலமா மாத்துனது நேத்து இருட்டுறப்போ. காலையில தார்ப்பாய் மூடி கதவும் பூட்டியாச்சு. ஒரு வாரமா இந்தப் பக்கம் வராத உங்களுக்கு நீலம்னு எப்படிக்கா தெரியும்?"

வரலட்சுமி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று ஜன்னல் அதிரக் கடந்து போனது.

"நான்தான்," என்றாள். "இடுப்புக்கு மேல தண்ணி நின்னா ஆபத்தான வூடாம். இடிச்சிட்டு, ஊருக்கு வெளிய எங்கியோ அடுக்குமாடில தள்ளிடுவாங்களாம். வடிகால் ஆபீஸ்லேர்ந்து அளக்க வந்த ஆளே டீக்கடையில சொன்னாரு. எங்க தெரு மொத்தமும் இடுப்புக்கு மேலதான். என் வூட்டுக்காரரு வேல இங்க, புள்ளைங்க படிப்பு இங்க. எங்க வாயாலயே சொன்ன கணக்க வச்சு எங்களயே அனுப்பிடுவாங்க."

"எங்களாண்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னனே. நீ டேப்ப புடிச்சுகினு குனிஞ்சிருந்த. பயப்படாதீங்கக்கா, நல்லதுக்குத்தான்னு சொல்லிட்டு அடுத்த வூட்டுக்குப் பூட்ட."

எழில்மொழிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. கண்டுபிடித்ததில் இருந்த சந்தோஷம் எங்கோ போய்விட்டது.

வரலட்சுமி ஜஹாங்கீர் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுக்க நைனா. பழி மழை மேல போவும்னுதான் நெனச்சேன். உன் மேல வரும்னு தெரில."

அவன் அவளைப் பார்க்கவில்லை. "தண்ணி எம்மாம் ஒசரம் நின்னுச்சுன்னு ஊரெல்லாம் கேட்டோம்," என்றான் சுவரைப் பார்த்தபடி. "ஏன் நின்னுச்சுன்னு யாரையும் கேக்கல."

"வாய்க்கால்ல மண்ணக் கொட்டி மேடாக்கிக்கிறாங்க. போவ வழியில்ல, நிக்குது," என்றாள் வரலட்சுமி. "அதிகாரிங்கள கூட்டிகினு வந்தா காட்றேன்."

சுப்பராயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜஹாங்கீர், நான் விசாரிக்காம பேசிட்டேன். அதிகாரிங்கள நீயே கூட்டிட்டுப் போ."

பதினொரு மணிக்கு வந்தவர்களை யாரும் ஆய்வகத்துக்கு அழைக்கவில்லை. ஜஹாங்கீர் முன்னே நடக்க, எல்லோரும் சேற்றில் வாய்க்கால் வரை போனார்கள். கொட்டிய மண் பாதி வாய்க்காலை அடைத்து, புல் முளைத்துக் கிடந்தது. பெரிய அதிகாரி அதை நெடுநேரம் பார்த்தார். கைப்பேசியில் படம் எடுத்தார். பிறகு எழில்மொழியிடம் கேட்டார்:

"வீடு வீடா உயரம் அளந்தீங்களாமே. அதக் குடும்மா."

வரலட்சுமி மூச்சுவிடாமல் நின்றாள்.

"அளந்தது நாங்க சார். வீடு அவங்களோடது," என்றாள் எழில்மொழி. "அவங்க கூடிப் பேசி சரின்னு சொன்னா குடுக்கறோம்."

அதிகாரி முகம் சுளித்தார். திரும்பி வண்டியை நோக்கி நடந்தார்.

அடுத்த வாரம் மண் அள்ளும் இயந்திரம் வாய்க்காலுக்கு வந்தது. வீடுகளைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. ஊருக்குள் புதிதாக எந்த வண்டி நுழைந்தாலும் வரலட்சுமி வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து பார்க்கிறாள், எழில்மொழியும்தான்.