இரண்டாவது மைக்

"யாரு அது?" என்றான் முத்தரசு.

பாண்டீஸ்வரி பேச்சை நிறுத்தினாள். ரேஷன் கடையில் இந்த மாதமும் துவரம்பருப்பு வராத கதையைப் பாதிதான் சொல்லியிருந்தாள்.

"யாரு?"

"உன் பக்கத்துல. நீ சொல்லச் சொல்ல ஒருத்தன் 'ம்' கொட்டிக்கிட்டு இருக்கானே, அவன்."

மணி நாலரை. சிங்கப்பூரில் இப்போது ஏழு. வேலை முடிந்து விடுதிக்கு வந்ததும் முத்தரசு தினமும் கூப்பிடும் நேரம். வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை. சாக்கோட்டையைத் தாண்டி உள்ளே தள்ளிய ஊரில், தெருவின் இந்த முனையில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற அந்தப் பெரிய வீட்டுக்கு அவள்தான் காவல். மகள் சத்தியப்பிரியா பள்ளி வேனில் நாலே முக்காலுக்குத்தான் வருவாள்.

"விளையாடாதீக. நானும் புறாவும்தான் இருக்கோம்."

"புறா 'ம்' கொட்டுமா?"

அவன் சிரிக்கவில்லை.

"முந்தாநாத்து இருமுனான். நேத்து மூச்சு வாங்குனான். இன்னைக்கு உக்காந்து கதை கேக்குறான். நான் இங்க வெயில்ல கம்பி கட்டுறேன், நீ அங்க... சரி. நாளைக்குச் சாயந்தரம் அண்ணன் வருவாரு. பிள்ளைய அவரோட அனுப்பி விட்ரு."

லைன் அறுந்தது.

அவள் போனைப் பார்த்தபடியே நின்றாள். முத்தரசின் அண்ணன் கருத்தையாவுக்குக் காளையார்கோவிலில் வீடு, பிள்ளை இல்லை. ரெண்டு மாதமாகவே "சத்தியாவ நாங்க படிக்க வைக்கிறோமே" என்று தூது விட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்தான் ஏதோ ஓதியிருக்க வேண்டும். இருமல், மூச்சு, 'ம்' எல்லாமே ஜோடனை.

இருந்தாலும் திரும்பிப் பார்த்தாள்.

முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் வளவுத் தாழ்வாரம். கருங்கல் தூண்கள். தூண்களுக்குப் பின்னால், வழவழவென்று தேய்ந்த பூக்கல் தரையை ஒட்டி, பதினொரு தேக்குக் கதவுகள், பதினொரு பூட்டுகள். கதவுக்கு ஒரு பங்காளி. சாவிகள் சென்னையில், பினாங்கில், இன்னும் எங்கெங்கோ. ஒரு பங்காளியின் அறையை இன்னொரு பங்காளி திறப்பதில்லை என்பது அந்த வீட்டுச் சட்டம். ஓடு ஒழுகினாலும், உள்ளே எலி செத்து நாறினாலும், சாவிக்காரர் வந்தால்தான் உண்டு. ஐந்தாவது கதவின் சாவிக்காரர் ஏகப்பன் செட்டியார் வந்து பதினாறு வருடமாகிறது. ஆளும் இல்லை, தகவலும் இல்லை. அந்தப் பூட்டு மட்டும் துருவேறி, கதவோடு கதவாக ஒட்டிப்போயிருந்தது.

அவள் நின்றதும் அந்தக் கதவின் முன்னால்தான். முழங்கை நீளத் தடிமனான சுவர்களுக்குள் டவர் வருகிற ஒரே இடம் அது. ரெண்டு வருடமாக, தினமும் நாலரைக்கு, அந்தக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் புருஷனோடு பேசுகிறாள்.

பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். அசையவில்லை. மாடி, அடுப்படி, கிணற்றடி எல்லாம் தேடினாள். யாருமில்லை.

மறுநாள் காலையில் மகளை வேனில் ஏற்றிவிட்டு, போனைக் கடையில் காட்டப் புதுவயலுக்குப் பஸ் ஏறினாள். போகிற வழியில் சென்னைக்குப் போன் போட்டாள். வீட்டுப் பங்காளிகளில் அவளுக்குச் சம்பளம் அனுப்புகிறவர் நீலாயதாட்சி ஆச்சி.

"ஆச்சி, அந்த அஞ்சாவது கதவ ஒரு தடவ தொறந்து பாத்தா என்ன?"

"எதுக்கு?"

"உள்ள ஏதோ சத்தம் கேக்குதுன்னு..."

"அதெப்படித் தொறக்கிறது? ஏகப்பன் இல்லாம அவன் அறைய நாங்க தொறந்தோம்னு நாளைக்குப் பேச்சு வரவா? வெளிய கூட்டினமா, விளக்கு வச்சமான்னு இரு ஆத்தா."

அரிசி ஆலைகளின் உமித்தூசி புதுவயல் கடைவீதி முழுக்க மஞ்சளாய்ப் படிந்திருந்தது. தீபலட்சுமியின் செல்போன் கடையில் மட்டும் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. கண்ணில் ஒற்றைப் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் போனைத் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கக்கா வச்சிருந்தீக இத, மாவு டப்பாக்குள்ளயா?"

"கோலமாவுல விழுந்துருச்சு."

"எப்ப?"

"திங்கக்கிழமை."

"சத்தம் எப்பலேருந்து?"

"அதுவும்... திங்கக்கிழமைலேருந்துதான்."

"சரியாப் போச்சு. ஒரு டம்ளர் மாவுக்குப் புருஷன் பொண்டாட்டி சண்டை." தீபலட்சுமி சிரித்துக்கொண்டே ஊசி போன்ற ஒரு தூரிகையை எடுத்தாள். "இதுல ரெண்டு மைக்கு இருக்குக்கா. கீழ இருக்கிறது உங்க வாய்க்கு. மேல, இந்தா, ஊசி ஓட்டையாட்டம் இருக்கே, இது ஊருக்கு. சுத்தி என்ன சத்தம் கேட்டாலும் இது வாங்கி, 'இது வேண்டாதது'ன்னு கழிச்சிட்டு, உங்க பேச்ச மட்டும் அங்குட்டு அனுப்பும். உங்களுக்கு மேல் ஓட்டை அடைச்சுப் போச்சு. கழிக்க ஆளில்ல. வீட்டுச் சத்தம் பூரா மாமா காதுக்குப் போயிருக்கு."

பாண்டீஸ்வரி அந்த ஓட்டையையே பார்த்தாள்.

"அப்பன்னா வீட்டுக்குள்ள அந்தச் சத்தம் இருக்கணும்ல?"

தூரிகை ஒரு கணம் நின்றது.

"பழைய வீடுக்கா. காத்து, புறா, குழாய்ல தண்ணி... எதையாச்சும் நினைச்சுக்கிட்டுக் கேட்டா எல்லாம் ஆளு மாதிரித்தான் இருக்கும்."

சுத்தம் செய்து, புளூடூத்தை நிறுத்தி, போனை ஒருமுறை அணைத்துப் போட்டு, கடையிலிருந்தே முத்தரசுக்குப் போன் போட வைத்தாள். அவன் டீ நேரத்தில் இருந்தான். குரல் கண்ணாடி மாதிரி கேட்டது.

"இப்பச் சுத்தமா இருக்கு," என்றான். "ஆனா நீ கடையில இருக்க. சாயந்தரம் வீட்டுலேருந்து பேசு. எப்பவும் நிக்கிற இடத்துல நின்னு பேசு. தெருவுக்கு ஓடிப் போய்ப் பேசுனேன்னா ஒளிக்கிறேன்னுதான் அர்த்தம். அதுல சத்தம் இல்லேன்னா அண்ணன வர வேணாம்னு சொல்லிர்றேன்."

"பிள்ளைய வச்சு ஏங்க பேசுறீக?"

"சாயந்தரம்," என்றான்.

கிளம்பும்போது தீபலட்சுமி சொன்னாள்: "சந்தேகமா இருந்தா நீங்களே சோதிச்சுப் பாருங்கக்கா. ரெக்கார்டர்ல மேல் ஓட்டையத் தொறந்து வச்சு ஒரு தடவ பேசுங்க. விரலால பொத்திக்கிட்டு ஒரு தடவ பேசுங்க. ரெண்டும் ஒண்ணு போல இருந்தா வீட்டுல ஒண்ணுமில்ல."

நாலேகாலுக்கு அவள் ஐந்தாவது கதவின் முன்னால் நின்றாள். முற்றத்தில் இன்னும் நல்ல வெயில். தகரத் தாழ்வாரத்தில் புறாக்கள் நகம் கீறும் சத்தம். எங்கிருந்தோ பழைய எண்ணெய்யும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாசனை, மூடி வெகுநாளான பெட்டியைத் திறந்ததுபோல. இந்த வாசனை எப்போதும் இருந்ததுதானா? நினைவில்லை. இருந்திருக்கும்.

ரெக்கார்டரை அழுத்தினாள். மேல் ஓட்டை திறந்தே இருந்தது.

"இன்னைக்கு சுண்டக்காக் குழம்பு வச்சேன். கருவேப்பிலை தீந்து போச்சு. கிணத்துல தண்ணி இறங்கிருச்சு."

போட்டுக் கேட்டாள். அவள் குரல் மட்டும். சுத்தம். புறாச் சத்தம்கூட இல்லை. தீபலட்சுமியின் கைக்கு ஒரு மோதிரம் போடலாம் என்று தோன்றியது.

சொன்னபடி ரெண்டாவதையும் செய்துவிடலாம் என்று ஆள்காட்டி விரலால் மேல் ஓட்டையைப் பொத்தினாள்.

"சத்தியா நாலே முக்காலுக்கு வருவா. பின்வாசல் வழியாத்தான் ஓடி வருவா. அவளுக்குப் பணியாரம் வச்சிருக்கேன்."

போட்டுக் கேட்டாள்.

புறாக்கள். காற்று. அவள் குரல். *நாலே முக்காலுக்கு வருவா.*

"ம்."

ஆண் குரல். நெடுநாள் பேசாமல் கிடந்த தொண்டை. கரகரப்பு. அவள் காதிலிருந்து போனை எடுக்கவில்லை, எடுக்க முடியவில்லை.

*பின்வாசல் வழியாத்தான் ஓடி வருவா.*

"ம்."

இது மெல்லியது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாதது.

*பணியாரம் வச்சிருக்கேன்.*

"ம்."

இது அவள் குரல்.

அவள் மாதிரி இல்லை. அவளுடையதே. முத்தரசு பேசும்போது அவள் எப்படி லேசாக மூக்கால் கொட்டுவாளோ அதே 'ம்'.

முதுகு கதவை விட்டுப் பிரிந்தது. பூட்டைப் பார்த்தாள். அதே பூட்டு. அதே துரு. சிலந்திவலைகூட அறுபடவில்லை.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. மெதுவாக, பாயின் அடியில் தண்ணீர் பரவுகிற மாதிரி.

கோலமாவு விழுந்தது திங்கட்கிழமை. ஓட்டை அடைத்தது திங்கட்கிழமை. சத்தம் கேட்டதும் திங்கட்கிழமை. அதற்கு முன்னால் ரெண்டு வருடம் ஓட்டை நன்றாகத்தான் இருந்தது. அதாவது, ரெண்டு வருடமாகப் போன் அதைக் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

கேட்டு, கழித்து, அவளை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

ரெண்டு வருடம். தினமும் நாலரைக்கு. புருஷனிடம் சொன்ன எல்லாம். மகளுக்குக் காய்ச்சல், மகளுக்குப் பல் விழுந்தது, மகள் எந்த வழியாக வருவாள், மகளுக்கு என்ன பிடிக்கும். எல்லாவற்றையும் அந்தக் கதவில் சாய்ந்துகொண்டு.

போன் அடித்தது.

முத்தரசு.

ஓடிவிடலாம். தெருவுக்கு இருபது எட்டு வைத்தால் போதும். ஆனால் தெருவிலிருந்து பேசினால் பிள்ளை போய்விடும். கட்டைவிரல் தானாகப் பச்சையைத் தள்ளியது.

"ஏங்க," என்றாள், "நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. வீட்டுக்குள்ள ஏதோ இருக்கு. நீங்க சொன்னது நெசம். அண்ணன உடனே வரச் சொல்லுங்க. இப்பவே."

"ஆகா," என்றான் முத்தரசு. "எவ்வளவு தெளிவா இருக்கு!"

"ஏங்க?"

"இல்ல, நெசமாச் சொல்றேன் புள்ள. பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு."

"நான் சொல்றது கேக்குதா? அண்ணன வரச் சொல்லுங்க!"

அவன் சிரித்தான். மூணு நாளில் முதல் சிரிப்பு. அவள் சொல்லாத எதற்கோ சிரித்தான்.

"கோவிச்சுக்காத. தூரத்துல இருக்கிறவன் புத்தி அப்படித்தான். ம்... ம்... சொல்லு."

அவள் பேசவில்லை. அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"சுண்டக்காக் குழம்பா? எனக்கு இங்க யாரு வச்சுத் தாரா?"

அவள் வாய் மூடியிருந்தது. உதடுகளைத் தொட்டுப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

கத்தினாள். "அது நான் இல்லைங்க! நான் இல்ல!"

தொண்டை அதிர்ந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. காதுக்கு எதுவும் வரவில்லை. அவள் காதுக்கே வரவில்லை. புறாக்கள் தாழ்வாரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தன.

"அண்ணன் இந்நேரம் கிளம்பி வந்துக்கிட்டிருப்பாரு," என்றான் முத்தரசு. "பாதியிலயே திரும்பச் சொல்லிர்றேன். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத பாண்டி."

சிவப்பை அழுத்தினாள். போகவில்லை. மறுபடி. போகவில்லை. போனை எறிந்தாள். பூக்கல் தரையில் அது வழுக்கிக்கொண்டு போய்த் தூணில் மோதி நின்றது. சத்தமில்லை. அதிலிருந்து அவன் குரல் மட்டும் வந்தது, முற்றம் முழுக்க.

"பிள்ள வந்துட்டாளா?"

தெருவில் வேன் ஹாரன்.

ஓடினாள். கால்கள் ஓடின. தூண்கள் நகரவில்லை.

பின்வாசலில் சத்தியப்பிரியா. ஒரு தோளில் பை. நெற்றியில் வேர்வை. "அம்மா!" என்றாள்.

*வராதே. வராதே தாயி. திரும்பிப் போ.*

சத்தியப்பிரியா அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, பின்னால், ஐந்தாவது கதவைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

முதுகுக்குப் பின்னால் துருவேறிய இரும்பு தரையில் விழுந்தது.

"இங்குட்டு வாத்தா," என்றது பாண்டீஸ்வரியின் குரல். "பணியாரம் வச்சிருக்கேன்."

பிள்ளை ஓடி வந்தது. அவள் நீட்டிய கைகளுக்கு நடுவே, காற்றுக்குள் ஓடுவதுபோல, நேராக. ஒரு கணம் சீருடையின் வேர்வை வாசம். அப்புறம் அதுவும் இல்லை.

கதவு சாத்தும் சத்தம்.

தூணடியில் போன் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"என்ன பாண்டி, பேச்சையே காணோம்? பிள்ள உள்ள வந்துட்டாளா?"

"ம்."