நீள்புல்லில் மூன்று நிமிடம்

முன்னால் யாருமே ஆடவில்லை என்று மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் மக்ஃபீ சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அப்படியிருந்தும் மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது.

இரண்டு தடவை. அவசரமில்லாமல், இழுத்து விடப்பட்ட அடி.

கில்ராண்டி பொது கோல்ஃப் மைதானத்தின் ஐந்தாவது குழியை, அடிக்கும் இடத்தில் நின்று பார்த்தால் தெரியாது. நடுவே ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு மணல்மேடு. அதன் தலையில் வெள்ளைக் கம்பம் ஒன்று நட்டிருக்கும். அதைக் குறிபார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்க வேண்டியதுதான். மேட்டுக்கு அப்பால் ஆடி முடித்தவர்கள், போகும்போது அங்கே தொங்கும் மணியை அடித்துவிட்டுப் போவார்கள். நாங்கள் விலகிவிட்டோம், இனி நீங்கள் அடிக்கலாம் என்று அதற்கு அர்த்தம்.

எல்ஸ்பெத் மட்டையை ஊன்றிக்கொண்டு மேட்டையே பார்த்தாள்.

"என்ன எல்ஸி, மணி அடிச்சாச்சு, இன்னும் பூஜை ஆரம்பிக்கலையா?" என்றான் தம்பி டௌகல்.

"மக்ஃபீ என்ன சொன்னாரு? கடைசியா நாம மட்டும்தான்னு சொல்லல?"

"மக்ஃபீக்குத் தன் பல்செட்டை எங்க வச்சோம்னே தெரியாது. காத்துல அடிச்சிருக்கும்."

"காத்தே இல்லையேடா."

உண்மையில் இல்லை. அந்தக் கடற்கரையில் காற்று இல்லாத நாளை அவள் பார்த்ததில்லை. மூன்று மணியிலிருந்தே கொடிகள் எல்லாம் நனைந்த துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்தன. மஞ்சள் பூ பூத்த முட்புதர்களிலிருந்து எப்போதும் வரும் தேங்காய் மணம் அன்றைக்கு நகராமல் ஒரே இடத்தில் கெட்டியாக நின்றது. வானம்பாடிகள் எப்போது கத்துவதை நிறுத்தின என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறை அவள் பொறுப்பு. டௌகல் ஏழு வயது இளையவன், லாரி ஓட்டுகிறவன். ஜனவரியில் நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். யாரோ ஒரு வழிப்போக்கர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்திருக்காவிட்டால் அன்றோடு முடிந்திருக்கும். ரத்தக்குழாயில் குழல் வைத்து அனுப்பிய டாக்டர், நடக்கச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு இதுதான் அவர்கள் சேர்ந்து ஆடும் முதல் ஆட்டம். அவள் ஆட வரவில்லை, காவலுக்குத்தான் வந்திருந்தாள். கோட்டுப் பையில் அவனுடைய மாத்திரை டப்பா இருக்கிறதா என்று குழிக்கு ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

டௌகல் அடித்தான். பந்து வெள்ளைக் கம்பத்துக்கு மேலாகப் போய் மறைந்தது. எல்ஸ்பெத்தும் அடித்தாள். இருவரும் மேட்டில் ஏறினார்கள். பாதி வழியில் அவன் நின்று மூச்சு வாங்கினான். அவள் பார்ப்பதைப் பார்த்து, "செத்துடல. பார்வைய மாத்து" என்றான்.

மேட்டின் உச்சியிலிருந்து எல்லாம் தெரிந்தது. ஆள் யாரும் இல்லை. குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரையின் விளிம்பில், கொடிக்கம்பம் பிடுங்கப்பட்டுப் பத்திரமாகக் கீழே கிடத்தப்பட்டிருந்தது. நாலு பேர் ஆடி முடிக்கும்போது யாராவது ஒருவர் அப்படித்தான் கிடத்துவார். மணிக்கயிறு இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஈரப் புல் சாம்பல் பூத்ததுபோல ஒரே சீராக இருந்தது. அதில் ஒரு காலடிகூட இல்லை.

அவர்கள் அடித்தது இரண்டு பந்து. கீழே கிடந்தவை மூன்று.

சிவப்புப் புள்ளி வைத்தது அவளுடையது. அதற்கு நாலு கெஜம் தள்ளி டௌகலுடையது. இரண்டுக்கும் நடுவில், யாரோ கையால் வைத்ததுபோல இன்னொன்று. பழைய பல்லின் மஞ்சள் நிறம். பெயரோ எண்ணோ எதுவும் இல்லை. குனிந்து எடுத்த டௌகல் கையை உதறினான்.

"யப்பா. ஐஸ்பெட்டியிலேர்ந்து எடுத்த மாதிரி இருக்கு."

"வச்சிடுடா. யாரோடதோ."

"யாரோடது? மக்ஃபீயோட தாத்தாவோடதா?" என்று சிரித்து அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அப்போதுதான் பனிமூட்டம் வந்தது.

அந்தக் கரைக்கு அது புதிதில்லை. கோடையில் கடலிலிருந்து வெள்ளையாக எழுந்து வந்து, ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் விழுங்கி வைத்திருந்துவிட்டுப் போய்விடும். ஆனால் அது எப்போதும் காற்றோடுதான் வரும். இன்று காற்றில்லாமலே வந்தது. முதலில் கடல் போயிற்று. பிறகு ஊர்த் தேவாலயத்தின் கூர்முனை போயிற்று. பிறகு அவர்கள் இப்போதுதான் இறங்கி வந்த மேடே போயிற்று. பகல் அப்படியே இருந்தது. பார்க்கத்தான் எதுவும் இல்லை. தேங்காய் மணம் அடங்கி, ஈரக் கம்பளியின் வாடை வந்தது, பல நாள் காயாமல் பெட்டியில் மடித்து வைத்த கம்பளி.

"திரும்பிடலாம்" என்றாள்.

"மேட்ட மறுபடி ஏற வச்சா நான் இங்கயே படுத்துடுவேன். ஆறாவது குழி ஓரமாவே நடப்போம். அதோட முனையில ரோட்டுக்கு வாசல் இருக்கு. நேர் வழி. இடது பக்கம் நீள்புல், வலது பக்கம் வெட்டின புல். கால் சொல்லும்."

நடந்தார்கள். இடது பக்கம் இடுப்புயரத்துக்கு வெளிறிய புல், தலை சாய்த்து, அசையாமல் நின்றது. எல்ஸ்பெத் காதால்தான் நடந்தாள். தன் தோள்பையில் மட்டைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். அவன் பையிலும் அதே சத்தம். இன்னொன்றும் கேட்டது. பின்னால், கொஞ்சம் தள்ளி.

அவள் நின்றாள். அதுவும் நின்றது.

பின்னால் எங்கோ ஒரு மட்டை பந்தை அடித்தது. சுத்தமான, நல்ல அடி. இரண்டு மூச்சு விடும் நேரம் எதுவும் இல்லை. பிறகு அவர்களுக்குப் பத்தடி முன்னால் பந்து தொப்பென்று விழுந்தது.

"ஏய்! இங்க ஆளு இருக்கு!" என்று கத்தினான் டௌகல். "கண்ணு தெரியாம அடிக்காதய்யா!"

மறுபடி ஒரு அடி. இந்தப் பந்து ஆறடியில் விழுந்தது.

"நாங்க ஒதுங்கி நிக்கிறோம்! தாண்டிப் போங்க!"

அவர்கள் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். யாரும் தாண்டிப் போகவில்லை. முன்னால் விழுந்த பந்துகளை எல்ஸ்பெத் தேடினாள். அங்கே எதுவும் கிடக்கவில்லை.

"பந்தைப் பாத்தீங்களா?"

குரல் பின்னாலிருந்து வரவில்லை. இடது பக்கத்து நீள்புல்லுக்குள்ளிருந்து வந்தது. ரொம்பக் கிட்டத்தில். வயதான, தணிந்த, மரியாதையான குரல்.

எல்ஸ்பெத் ஒரு அடி பின்வாங்கினாள். டௌகலுக்கோ முகம் தெளிந்துவிட்டது. மனிதக் குரல்தானே. "ஓ, நீங்கதானா? இந்தாங்க, அங்க ஒண்ணு கெடந்துச்சு" என்று பையிலிருந்த மஞ்சள் பந்தை எடுத்துக் குரல் வந்த பக்கமாக உருட்டி எறிந்தான்.

புல் சரசரத்தது. பிறகு அதே தணிவோடு:

"இது இல்லீங்க."

அந்தக் குரலில் ஏமாற்றம் இல்லை. எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தையின் வழவழப்பு இருந்தது. டௌகல் மட்டைப் பையை இறக்கி வைத்து, அதிலிருந்து ஒரு மட்டையை உருவினான்.

"எங்க போற?"

"கூடத் தேடிட்டு வரேன். மூணு நிமிஷம்தானே. அதுக்குள்ள கெடைக்கலன்னா தொலஞ்சதுன்னு விட்டுடணும், ஆட்டத்தோட விதியே அதான்."

அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். "போகாதடா. எனக்கு என்னமோ நல்லாப் படல. அந்தாளு எங்கிருந்து வந்தான்? யாருமே இல்லன்னு தானே..."

"எல்ஸி." அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். "ஒரு கெழவன் தனியா மூட்டத்துல மாட்டியிருக்கான். ஜனவரியில எவனோ ஒருத்தன், எனக்கென்னன்னு போகாம என் கண்ணாடியத் தட்டினான். இல்லன்னா நீ இன்னிக்கு யாரு கூட ஆடிட்டிருப்ப?"

அவனுடைய மஞ்சள் மழைச்சட்டை புல்லுக்குள் போயிற்று. வெளிறியது. ஒரு கறையாயிற்று. இல்லாமல் போயிற்று.

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு அடிக்க எட்டு நிமிடம்.

முதல் நிமிடம் அவன் குரல் நன்றாகவே கேட்டது. "எந்தப் பக்கம் அடிச்சீங்க? ... ம். ... பந்துல என்ன மார்க்? ... அட, அதுகூட ஞாபகம் இல்லையா?" சிரிப்பு. மட்டையால் புல்லை விலக்கும் சத்தம், சர், சர். அதற்கு ஒத்து இன்னொரு மட்டை.

இரண்டாவது நிமிடத்தில் அவள் எண்ண ஆரம்பித்தாள். சர். சர். இரண்டு மட்டை இல்லை. வலப்பக்கம் தள்ளி ஒன்று. அதற்கும் அப்பால் ஒன்று. இடப்பக்கம் நாலைந்து. ஒரே சமயத்தில் விலக்கி, ஒரே சமயத்தில் நின்று, ஒரே சமயத்தில் ஒரு அடி எடுத்து வைக்கும் சத்தம். அது நீள்புல்லின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்க்கொண்டே இருந்தது.

"டௌகல்?"

சர். சர்.

"டௌகல், போதும், வாடா! டைம் ஆச்சு!"

எல்லாம் நின்றது.

கைக்கடிகாரம். நாலு அடிக்க ஐந்து நிமிடம்.

பிறகு புல்லுக்குள்ளிருந்து டௌகலின் குரல் வந்தது. அவனுடைய குரல்தான், சந்தேகமில்லை. பிறந்ததிலிருந்து கேட்ட கரகரப்பு.

"பந்தைப் பாத்தீங்களா?"

ஐம்பது வருஷத்தில் அவன் அவளை ஒரு தடவைகூட 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

"நான்டா. எல்ஸி."

"பாத்தீங்களா?"

அவள் புல்லுக்குள் இறங்கினாள்.

நனைந்த தாள்கள் தொடையில் ஒட்டின. கம்பளி வாடை தொண்டைக்குள் இறங்கியது. மாத்திரை டப்பாவை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். பத்து அடி. இருபது. இந்த ஓரத்தில் புல் இத்தனை அகலம் கிடையாது, இதற்குள் வேலி வந்திருக்க வேண்டும். முப்பது. வேலி வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். வந்த தடம் இல்லை. மிதித்த புல் எழுந்து நின்றிருந்தது.

அப்போது மூட்டம் கொஞ்சம் தூக்கியது. முழங்காலிலிருந்து தலை வரைக்கும் மட்டும்.

வரிசையாக நின்றார்கள்.

தோளுக்குத் தோள் ஒரு கை தூரம் விட்டு, கண்ணுக்கு எட்டிய வரை இரு பக்கமும். கம்பளிக் கோட்டு. குட்டைக் கால்சராய். நீளப் பாவாடை அணிந்த பெண்கள். யாரும் நிமிரவில்லை. எல்லோரும் குனிந்து, சிலர் மட்டையால், சிலர் வெறும் கையால் புல்லை விலக்கிக்கொண்டிருந்தார்கள்.

நேர் எதிரே டௌகல்.

மழைச்சட்டையின் மஞ்சள் போய்விட்டிருந்தது. வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்காகக் கிடந்த துணியின் சாம்பல். கைப்பக்கம் நூல்நூலாகக் கிழிந்து தொங்கியது. தாடி நெஞ்சு வரை வளர்ந்து நரைத்திருந்தது. காலில் செருப்பில்லை. மட்டை இல்லை. கையால்தான் தேடினான். புல்லின் விளிம்பு அறுத்து அறுத்து, விரல்களில் எலும்புதான் மிச்சம். அந்த எலும்பு புல்லை மெதுவாக, பொறுமையாக விலக்கியது.

மூன்று நிமிடம்.

"டௌகல்."

நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான். வழியில் எதிர்ப்பட்ட யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல, பணிவாக. தொப்பி இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டான்.

"கொஞ்சம் கூடத் தேடுறீங்களா?"

"வீட்டுக்கு வாடா." அவன் கையைப் பற்றினாள். ஐஸ். இழுத்தாள். அவன் கோபப்படவில்லை. வேலை கெடுகிறதே என்பதுபோல மென்மையாக உருவிக்கொண்டான். குனிந்தான்.

மாத்திரை டப்பா விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

வரிசை ஒரு அடி முன்னால் வந்தது.

அவள் பின்வாங்கினாள். ஒரு அடி. வரிசையும் ஒரு அடி. ஓடினாள். மூச்சு முட்ட, புல் முகத்தில் அடிக்க, இடது பக்கமாக, பிறகு வலது பக்கமாக, திசை தெரியாமல், அவன் பெயரையே கத்திக்கொண்டு. எங்கேயும் வேலி வரவில்லை. முழங்காலில் கையூன்றி நின்றாள். நிமிர்ந்தாள்.

நேர் எதிரே டௌகல். அவனுக்கு இந்தப் பக்கம் ஒரு கிழவர். இருவரும் குனிந்தபடி.

இருவருக்கும் நடுவில் ஒரு இடைவெளி. முன்பு அது இல்லை.

சரியாக ஓர் ஆள் நிற்கும் அகலம்.

கிழவர் தலை நிமிராமலே, மட்டையின் நுனியால், அந்த வெற்றிடத்துப் புல்லை இப்படியும் அப்படியும் ஒதுக்கினார். வீட்டுக்கு வந்தவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போடுவதுபோல.