கத்தும் பிரேக், தூங்காத பாப்பா

"கீ...ய்ய்ய்ங்!"

சிட்டு சைக்கிள் பிரேக்கைப் பிடித்ததும், வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து தள்ளிப்போய்ப் படுத்தது. கீழ் வீட்டுச் சன்னலுக்குள் பாப்பா வீறிட்டு அழ ஆரம்பித்தது.

"போச்சு!" என்று சிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கீழ் வீட்டில் இருப்பவர் தையல்கார அத்தை. சொந்த அத்தை இல்லை. ஆனால் சிட்டுவின் சட்டைப் பித்தான் எப்போது அறுந்தாலும் கேட்காமலே தைத்துக் கொடுப்பவர். பாப்பா பிறந்ததிலிருந்து அத்தைக்குச் சரியான தூக்கமே இல்லை. பாப்பா கொஞ்சம் கண்ணை மூடுவது மாலையில்தான். சிட்டு பள்ளியிலிருந்து வந்து இறங்குவதும் அதே நேரத்தில்தான்.

அத்தை பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"மன்னிச்சுக்கோங்க அத்தை. மெதுவாத்தான் பிடிச்சேன்."

"உன்னைச் சொல்லி என்ன பண்ண, கண்ணு? அந்த பிரேக் வாயை மூடினாத்தானே!" அத்தை பெரிய கொட்டாவி விட்டார். "காலையில ஒரு சட்டைக்கு மூணு கை வச்சுத் தைச்சுட்டேன். அவ்வளவு தூக்கக் கலக்கம்."

சிட்டுவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே பாவமாக இருந்தது. எப்படியாவது இந்தச் சத்தத்தை நிறுத்திவிட வேண்டும்.

மறுநாள் சைக்கிள் கடைக்குப் போனாள். கடைக்கார அக்கா சக்கரத்தைக் கழற்றினார்.

"டிஸ்க் பிரேக் இல்லையா, தூசி படிஞ்சா பாட ஆரம்பிச்சுடும்" என்றார்.

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் மெல்லிய வட்டத் தகட்டை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தார். அந்தத் தகட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பேடுகளை உப்புத்தாளில் தேய்த்தார். பிறகு ஒவ்வொரு பேடின் முதுகிலும் துளியூண்டு கிரீஸ் வைத்தார்.

"அக்கா, அந்தத் தகட்டுக்கும் நிறையத் தடவுங்களேன். சத்தமே வராது இல்ல?"

"ஐயையோ! தகட்டுல பட்டா பிரேக் வழுக்கும். கத்தவும் செய்யும். முதுகுல மட்டும்தான், அதுவும் கொசு அளவு."

அன்று மாலை சைக்கிள் பூனை மாதிரி வந்து நின்றது. பாப்பா அசையவே இல்லை. சிட்டு கடவுளுக்கு ஒரு நன்றி சொன்னாள்.

ஆனால் இரண்டு நாள்கூட ஆகவில்லை.

"கீ...ய்ய்ய்ங்!"

இந்த முறை சத்தம் மட்டும் இல்லை. சரிவில் பிரேக்கைப் பிடித்தும் சைக்கிள் நிற்காமல் போய்க் குப்பைத்தொட்டியில் முட்டியது.

"நல்லாத்தானே துடைச்சேன்!" கடையில் அக்கா தலையைச் சொறிந்தார். "தகட்டுல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கே. நீ ஏதாவது தடவினியா?"

"சத்தியமா இல்லக்கா."

"அப்போ வானத்துல இருந்தா ஊத்துது?"

இரண்டு பேரும் ஒன்றும் புரியாமல் மேலே பார்த்தார்கள். வானத்தில் ஒரு காக்கை மட்டும் போனது.

அக்கா மறுபடியும் சுத்தம் செய்து கொடுத்தார். அது மறுபடியும் கத்தியது. சிட்டுவுக்குத் தலை சுற்றியது. செயினிலிருந்து எண்ணெய் தெறிக்கிறதோ? செயினோ காய்ந்து கிடந்தது. நாய் வந்து நக்குகிறதோ? நாய் சைக்கிள் பக்கமே வருவதில்லை.

"இதுக்கு மேல தாங்காது சிட்டு" என்றார் அக்கா. "எண்ணெய் எங்கேருந்து வருதுன்னு தெரியாம நீ இதை ஓட்டவே கூடாது. குப்பைத்தொட்டிக்குப் பதிலா லாரி நின்னிருந்தா?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். மாடிப்படிக்குக் கீழே அதை நிறுத்திவிட்டு, தகட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். எண்ணெயில் ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் எடுத்துப் பார்த்தாள். ஒரு சின்ன மஞ்சள் நூல்.

நூலா? பிரேக்கிலா?

அப்போது உள்ளே தையல் மிஷின் கிறீச்சிட்டது. சிட்டு எட்டிப் பார்த்தாள். அத்தை எண்ணெய்க் குப்பியை எடுத்து மிஷினில் இரண்டு சொட்டு விட்டார். வழிந்ததை மஞ்சள் துணித் துண்டால் துடைத்தார். மிஷின் கப்சிப்.

"வா கண்ணு!" என்றார் அத்தை. "நானும் உன் சைக்கிளுக்குத் தினமும் ரெண்டு சொட்டு விட்டுப் பார்க்கறேன். அடங்கவே மாட்டேங்குதே! இன்னிக்கு நாலு சொட்டு விடட்டுமா?"

சிட்டு வாயைத் திறந்தாள். 'உங்களாலதான் அத்தை!' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அத்தையின் சிவந்த கண்களைப் பார்த்ததும் அது அங்கேயே நின்றது.

"எனக்கு ஒரு உதவி வேணும் அத்தை. எண்ணெயே படாத புதுத் துணி இருக்கா? பிரேக் தகட்டைத் துடைக்கணும். அதுக்கு எண்ணெய்னா ஆகவே ஆகாதாம்."

அத்தையின் கை அப்படியே நின்றது. குப்பியைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார்.

"அப்போ... என் பிள்ளையை நானேதான் எழுப்பி விட்டுட்டிருந்தேனா?"

"எனக்கும் தெரியாது அத்தை. நான்கூடக் கடையில தகட்டுக்கு நிறைய கிரீஸ் தடவச் சொன்னேன். அக்கா 'ஐயையோ'ன்னு அலறிட்டாங்க!"

அத்தை சிட்டுவையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். பாப்பா விழித்துக்கொண்டது. அதுவும் எதற்கென்று தெரியாமலே சிரித்தது.

அத்தை ஒரு பை நிறைய வெள்ளைத் துணித் துண்டுகளை வெட்டிக் கொடுத்தார். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைக்கும் கூடவே வந்தார். எண்ணெய் ஊறிப்போன பேடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அக்கா புதுப் பேடுகளை மாட்டினார். தகட்டைச் சிட்டுவே துடைத்தாள். துணியில் கறை வராமல் போகும் வரைக்கும் துடைத்தாள்.

மறுநாள் மாலை சைக்கிள் சத்தமில்லாமல் வந்து நின்றது. சிட்டு சன்னல் வழியாகப் பார்த்தாள். தொட்டிலில் பாப்பா தூங்கியது. மிஷின் மேல், பாதி தைத்த சட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டு அத்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சட்டை வாங்க ஒருவர் வந்திருந்தார்.

சிட்டு உதட்டில் விரல் வைத்தாள். "உஷ்! பாப்பா தூங்குது. அத்தையும் தூங்கறாங்க."

"அப்போ என் சட்டை?" என்று அவரும் கிசுகிசுத்தார்.

"அதுவும் தூங்குது" என்றாள் சிட்டு. "நாளைக்கு வாங்க."