கொல்கத்தாவுக்குப் போன ஏரி

“மிஸ், என் நண்டைக் காணோம்!” என்று எழிலரசன் கத்தினான்.

பிள்ளைப்பாக்கம் பள்ளி ஆறாம் வகுப்பே சேர்ந்து எழுதி, படம் வரைந்து, அச்சடித்த புத்தகம் ‘எங்கள் ஏரி’. அதில் நண்டு வரைந்தது எழிலரசன். அவன் கையிலிருந்த பிரதியில் நடுத்தாளே இல்லை.

மதிவதனி டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். “நம்ம நாட்டுல யார் புத்தகம் போட்டாலும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒண்ணு அனுப்பணும். முப்பது நாளுக்குள்ள. அது சட்டம். நூறு வருஷம் கழிச்சு யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற இடம் அது. இன்னிக்கு முப்பதாவது நாள்! மூணு மணிக்குத் தபால் பை கிளம்பிடும்!”

மணி இரண்டரை.

மிச்சம் இரண்டே பிரதிகள். ஒன்றில் நண்டு இல்லை. இன்னொன்றின் அட்டையில் டீக்கறை. மற்ற எல்லாவற்றிலும் பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதிவிட்டார்கள்.

“டீக்கறையையே அனுப்பலாம் மிஸ். கொல்கத்தாவுல டீ குடிக்க மாட்டாங்களா இன்னா?” என்றான் பிரவீன்.

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. “இருக்கிறதுலயே நல்ல பிரதியைத்தான் அனுப்பணும். அதுவும் சட்டம்தான்.”

கலைமதி துள்ளி எழுந்தாள். “மிஸ், எங்கம்மா வேலை செய்யற போன் கம்பெனியில ஒரு பார்ட் சரியில்லேன்னா போனையே தூக்கிப் போட மாட்டாங்க. அந்தப் பார்ட்டை மட்டும் மாத்துவாங்க. டீக்கறை புக்குல நண்டு நல்லாத்தானே கீது?”

காம்பஸ் முனையால் இரண்டு புத்தகங்களின் ஸ்டேப்ளர் பின்களையும் மெல்ல நிமிர்த்தினாள். கறைபட்ட புத்தகத்தின் நடுத்தாள் தனியே வந்தது. அதை மற்றதன் நடுவில் வைத்து, பின்னை மடக்கினாள்.

டிக்! பின் உடைந்தது.

“போச்சு!” என்றான் பிரவீன்.

“இன்னா போச்சு? டீக்கறை புக்குலதான் ரெண்டு பின் கீதே!” என்று அதிலிருந்து ஒரு பின்னை எடுத்து மாட்டினாள் கலைமதி.

உறை ஒட்டியதும் கலைமதியும் எழிலரசனும் ஓடினார்கள். தபால் நிலையத்தில் அலுவலர் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“சார், சார், நிறுத்துங்க!”

அலுவலர் முகவரியைப் படித்தார். “கொல்கத்தாவா? அங்க உனக்கு யாரும்மா இருக்காங்க?”

கலைமதிக்கு மூச்சு வாங்கியது.

“இனிமே எங்க வகுப்பே இருக்கும், சார்!”