ஜன்னல் இல்லாத கப்பல்

பௌர்ணமிபுரத்தில் யார் வெளியூர் கிளம்பினாலும் வண்டி முதலில் அவர்களை எடை போடும். பிறகு மூட்டை முடிச்சுகளை. கணக்கு ஒத்துவந்தால்தான் கதவு மூடும்; மூடினால்தான் உள்ளே காற்று நிறையும். சந்திரனில் பன்னிரண்டு வருடம் குடியிருந்துவிட்ட கோமதிநாயகத்துக்கும் அவர் மனைவி வடிவுக்கும் இது பல் தேய்ப்பது மாதிரி. ஆனால் இன்றைக்குக் கதவு மூட மறுத்தது.

"நாற்பத்திரண்டு கிலோ அதிகம்" என்றது ஓட்டன். வண்டி ஓட்டும் இயந்திரத்துக்கு அங்கே அதுதான் பெயர். "கிழக்குத் துறை இருநூற்றெட்டு கிலோமீட்டர். இந்த எடையோடு போனால் இருநூற்றிரண்டிலேயே ஹைட்ரஜன் தீர்ந்துவிடும்."

ஒரு பயணத்துக்கு ஒரு உருளைதான் கிடைக்கும். துருவத்துப் பனிக்கட்டியைச் சுரண்டிப் பிரித்தெடுக்கிற சரக்கு அது. கெஞ்சினாலும் கூடுதலாகத் தர மாட்டார்கள்.

"இங்க எல்லாமே ஆறுல ஒரு பங்கு எடைதானய்யா?" என்றார் கோமதிநாயகம்.

"தரையை அழுத்துவதுதான் ஆறில் ஒரு பங்கு. கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் முழுப் பொருளையும் தள்ள வேண்டும். அதில் சலுகை கிடையாது."

வாதாட நேரமில்லை. பூமிக்குப் போகும் கப்பல் மூன்றரை மணிக்குப் புறப்படுகிறது. அவர்களுடைய எலும்புச் சான்று இன்றோடு காலாவதி. இந்தக் கப்பலை விட்டால், பூமியின் எடையைத் தாங்காத எலும்பு என்று முத்திரை குத்தி, சாகும்வரை இங்கேயே இருக்கச் சொல்லிவிடுவார்கள். வடிவுக்கு இங்கே வந்த நாளிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று குவளை தண்ணீர்தான் குளிக்க. குற்றாலத்தில் ஒரு குளியல், அதற்குப் பிறகு என்ன ஆனாலும் சரி என்று பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

டிக்கியைத் திறந்தார்கள். எப்போதோ உடைந்த அச்சு, காலி டப்பாக்கள், எதற்காவது ஆகும் என்று கோமதிநாயகம் சேர்த்து வைத்த இரும்பு. எல்லாம் போயும் பதினெட்டு கிலோ மிச்சமிருந்தது. அவர் கிரைண்டர் கல்லைப் பார்த்தார்.

"பூமியில கல்லா கிடைக்காது?"

"எங்க அம்மா வாங்கிக் குடுத்ததுல்லா" என்று முனகினாள் வடிவு. பிறகு அவளே அதை உருட்டி இறக்கினாள். கண் கலங்கிவிட்டது.

வண்டி கிளம்பியது. ஓட்டன் ஐம்பதைப் பிடித்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பள்ளம் வருவதற்கு அரை கிலோமீட்டர் முன்பே வேகத்தை விட்டுக்கொடுத்து, பிரேக்கைத் தொடாமலேயே தாண்டியது. 'துறை சேர்ந்த பிறகும் மூன்று கிலோமீட்டருக்கு மிச்சம்' என்று திரை காட்டியது. கோமதிநாயகத்துக்குக் கால் பரபரத்தது. திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நூற்றெண்பதாவது கிலோமீட்டரில் ஒரு வண்டி பக்கத்தில் வந்து, முந்திக்கொண்டு போனது. எதிர்வீட்டுக் கிருபாகரன். அதே கப்பலுக்குத்தான் போகிறார். அவருடைய மனைவி கையசைத்தாள்.

"பாத்தியளா, என்னமா சிரிக்கான்னு?" என்றாள் வடிவு.

"போகட்டும்."

"முதல்ல போயி ஜன்னல் சீட்டுல துண்டு போட்டுருவாவ. நாம கக்கூஸ் பக்கத்துலதான் உக்காரணும்."

"இருக்கை எண்கள் முன்பே கொடுக்கப்பட்டுவிட்டன" என்றது ஓட்டன். "கப்பலுக்கு ஜன்னலும் கிடையாது."

"நீ சும்மா கெட!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

கோமதிநாயகம் கைமுறைப் பொத்தானை அழுத்தினார். தொண்ணூறு. ஹாரன் வேறு. காற்றில்லாத சந்திரனில் ஹாரன் அடித்தால் சொந்த வண்டிக்குள்தான் கேட்கும்; ஆனாலும் ஹாரன் இல்லாத வண்டியை யாரும் வாங்கவில்லை என்பதால் வைத்திருந்தார்கள். கிருபாகரனை முந்தினார். பள்ளத்தில் பிரேக்கை மிதித்தார். அந்த இடைவெளியில் கிருபாகரன் முந்தினார். மறுபடி மிதி, மறுபடி பிரேக். "மிச்சம் ஒன்று" என்றது ஓட்டன். கொஞ்ச நேரத்தில், "பற்றாக்குறை இரண்டு."

"விடாதீய! இன்னும் மிதிங்க!" என்றாள் வடிவு. குற்றாலம் அவளுக்கு அப்போது நினைவிலேயே இல்லை.

துறையின் விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் வண்டி இருமி நின்றது. கிருபாகரனின் வண்டியும் பக்கத்திலேயே நின்றுவிட்டது. இறங்கி நடக்கலாம் என்றால் வெளியே காற்றில்லை; மீட்பு வண்டி வர ஆறு மணி நேரமாகும் என்றார்கள் துறையில். மூன்றரைக்குக் கப்பல் சத்தமில்லாமல் எழும்பிப் போனது. வடிவு முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். கோமதிநாயகம் ஸ்டியரிங்கை விடவே இல்லை.

திரையில் கப்பலிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஓட்டன் வாசித்தது: "பயணிகள் நால்வர் ஏறாததால் எடை குறைந்து, எரிபொருள் மிச்சமாகியுள்ளது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."



"ஆனா ஒண்ணு" என்றார் கோமதிநாயகம் வெளியே பார்த்தபடி. "அவன் நமக்குப் பின்னாலதான் நிக்கான்."

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "எம்புட்டுப் பின்னால?"

"இரண்டு மீட்டர்" என்றது ஓட்டன்.

கோமதிநாயகம் ஹாரனை ஒருமுறை நீளமாக அழுத்தினார்.