இரண்டாம் மணி

மைக்கைக் கண்டாலே வியர்த்துப் போகிற நெவில், அரங்கத்துக்குள் பேசிக்கொண்டிருந்தான். பல்கலைக்கழகத்தில் ஒலிபெருக்கி பார்ப்பதோடு சரி; மேடையேறச் சொன்னால் ஓடி ஒளிகிற ஆள். விருந்து ஏற்பாட்டைப் பார்க்க ஊருக்குள் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்த அவன் மனைவி பிரையோனி, கையுறையைக் கழற்றாமலே கதவுக்கு வெளியே நின்றுவிட்டாள்.

“அப்புறம் அந்த நாய்க்குட்டி செம்மறிக் கொட்டகைக்குள்ள போயி... போயிருச்சுங்க...”

குரல் கம்மியது. ஆனாலும் நிற்கவில்லை.

ஜூலைக் குளிர்காலத்தில் மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டால் யாரன்டேல் நகரத்தில் விறகுப் புகையும் மூடுபனியும்தான் மிஞ்சும். மாநாட்டின் கடைசி அமர்வு முடிந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். ஆட்களை விருந்துக்கு ஏற்றிப்போக வந்த பேருந்து வாசலில் உறுமிக்கொண்டே நின்றது, ஓட்டுநர் வெளியே புகைத்துக்கொண்டிருந்தார். காப்பி மேசையில் லாமிங்டன் கேக் துண்டுகள் தொடப்படாமல் காய்ந்து கிடந்தன.

மதியம் அந்த அமர்வுக்குத் தலைவர் வராமல் போனபோது, மாநாடு நடத்துகிற எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். கழுத்தில் அட்டையோடு நடைபாதையில் சும்மா நின்ற ஒருவரைப் பிடித்துத் தலைவராக்கிவிட்டாள். அட்டையில் என்ன பெயர் என்றுகூடப் பார்க்கவில்லை. மேசைமணியைக் கையில் திணித்தாள்.

“ரெண்டு நிமிஷம் இருக்கறப்ப ஒரு தட்டு. நேரம் முடிஞ்சா ரெண்டு தட்டு. கறாரா இருங்க சார், இந்தப் பேராசிரியருங்க லேசுல மைக்க விடமாட்டாங்க.”

“சரிங்க,” என்றார். விரல்கள் சில்லிட்டிருந்தன. குளிர்காலம்தானே என்று நினைத்துக்கொண்டாள், பாவி.

டிங்.

உள்ளே ஒரு தட்டு. நெவிலின் குரல் பதறியது.

“நாய் பேரு... பிஸ்கட்டு. என் பொண்டாட்டி வச்சது...”

அழுதுகொண்டே பேசினான். அவள் கதவை இடித்துத் திறந்தாள். காலணி வழுக்கியது. தரைவிரிப்பு ஊறிப்போயிருந்தது. கறிக்கடை வாடை.

எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நிமிர்ந்து. ஒருவருக்கும் தொண்டை இல்லை. பிய்ந்த குழிகளுக்குக் கீழே, பெயர் அட்டைகளிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

முன்வரிசையில் ஒரே ஒரு நாற்காலி காலி.

“ப்ரீ, ஓடிரு!”

“நிறுத்தாத நெவ்! பேசிட்டே இரு!”

படிகளில் உருண்டு இறங்கினாள். மணியைப் பிடுங்கப் பாய்ந்தாள். தலைவரின் விரல் முந்திக்கொண்டது.

டிங். டிங்.

அவர் அவசரப்படாமல் எழுந்து மேடைக்குப் போனார். நெவிலின் தாடையை ஒரு கையால் உயர்த்தினார். மறுகையைத் தொண்டைக்குள் செலுத்தினார். மைக் அணைக்கப்படவில்லை. சதை கிழிகிற சத்தம் எல்லா ஒலிபெருக்கிகளிலும் கேட்டது. குருத்தெலும்பு முறிந்தது. அப்புறம் ஒரு கொப்பளிப்பு. அதுவும் அடங்கியது.

நெவிலை இழுத்து வந்து காலி நாற்காலியில் உட்கார வைத்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு தன் இடத்தில் அமர்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, மைக் இருக்கும் பக்கம் பிரையோனிக்கு மரியாதையாகக் கை காட்டினார்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

அவள் ஏறினாள். மைக் ஈரமாக, இன்னும் சூடாக இருந்தது.

“என் பேரு பிரையோனி. நான்... என் வீட்டுக்காரரப் பத்திப் பேசறேன்...”

நெவில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பேசினாள். அவன் சுடும் ரொட்டி, அவன் குறட்டை, கல்யாணத்தன்று அவன் தொலைத்த மோதிரம். சொல்லச் சொல்லச் சொல் தீர்ந்துகொண்டே வந்தது.

யாரோ கதவைத் தட்டினார்கள். பேருந்து ஓட்டுநர்.

“இன்னும் எவ்ளோ நேரம்மா ஆகும்?”

டிங்.