பங்கருக்குள் யப்பான் மீன்

தூண்டிலை இழுத்தெடுத்தபோது முள் நிமிர்ந்திருந்தது. முள் என்றால் குண்டூசிதான். காலையில் அருளம்பலம் பல்லால் கடித்து வளைத்துக் கட்டிக் கொடுத்தது. இப்போது அது கடையில் வாங்கிய நாளைவிட நேராக இருந்தது. அதில் குத்திய நாக்கிளிப்புழு ஒரு கடியும் படாமல் நெளிந்துகொண்டிருந்தது.

"மாமா, இதை ஆரோ நிமித்திப்போட்டினம்," என்றான் அக்கா மகன் பவா.

"தண்ணிக்கை கொல்லன் பட்டறை போட்டிருக்கிறானோ? நீ எங்கையும் கொழுவி இழுத்திருப்பாய்."

"இல்லை மாமா. தக்கை அசையவே இல்லை."

அருளம்பலம் ஊசியைப் பல்லிடுக்கில் வைத்து மறுபடி வளைத்தான். அது ஐஸ்கட்டி மாதிரிக் குளிர்ந்தது. பங்கர்த் தண்ணீர் அவ்வளவு குளிர் இல்லையே என்று ஒரு கணம் நினைத்தான். பிறகு, ஊசிக்கெல்லாம் காய்ச்சல் பார்க்க முடியுமா என்று விட்டுவிட்டான்.

தொண்ணூற்றொன்றில் பண்டத்தரிப்பில் புதிதாகக் கட்டப்பட்டதெல்லாம் பங்கர்தான். அக்கா குணலட்சுமியின் பின்வளவில் இருந்தது நல்ல பங்கர்: ஆழமாய் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு, இறங்க மண்படி வைத்து, ஒரே ஒரு வாய். வெட்டிய இடம்தான் வயற்கரை. மாரி மழையில் வயல் நிரம்பி, வயல் வெள்ளம் பங்கருக்குள் நிரம்பி, வெள்ளத்தோடு யப்பான் மீனும் வந்து குடியேறிவிட்டது. குண்டுக்குப் பயந்து மனிதர் வெட்டிய குழியில் ஒரு குண்டையும் அறியாத மீன் சுகமாக இருந்தது.

அக்கா விடியவே யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக்குக்குப் போய்விட்டாள். சைக்கிளில் ஏறி ஒரு காலை ஊன்றி நின்றபடி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "சத்தம் கேட்டால் தண்ணி கிண்ணி எண்டு பாராமல் பிள்ளையளோடை உள்ளுக்கை இறங்கு. நனைஞ்ச பிள்ளையைத் துடைக்கலாம்."

"ஓம் அக்கா."

"சும்மா ஓமெண்டாதை. என்ரை பிள்ளையள் ரெண்டும் உன்ரை கையிலை."

யப்பான் மீன் வலைக்கு மடையன், தூண்டிலுக்கு கோட்டில் வாதாடுகிற அப்புக்காத்து. புழுவை மணந்து பார்க்கும். விலகும். பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி மூலையில் கூடி நின்று கதைக்கும். பிறகு ஒன்று மட்டும் வந்து, பலகாரத்தின் ஓரத்தைக் கிள்ளுவதுபோலக் கிள்ளிக்கொண்டு போய்விடும். பழஞ்சோறு உருட்டிப் போட்டார்கள். தேங்காய்ப்பூ போட்டார்கள். ஒன்றும் சரிவரவில்லை.

"அதுக்குப் பசிக்கேல்லையோ மாமா?" என்று சின்னவள் வதனி கேட்டாள்.

"பசிக்குது. எங்கடை குடும்பத்தைப் பற்றி விசாரிச்சுக்கொண்டு நிக்குது."

முதலில் கண்டவளும் அவள்தான். "மாமா, எல்லாம் வெளியாலை வருகுது."

பங்கருக்குள் இருந்த மீன் அத்தனையும் வாய்ப்பக்கத்துப் படியில் வந்து குவிந்தன. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, முதுகு தண்ணீருக்கு வெளியே தெரிய, மூக்கை மண்ணில் முட்டிக்கொண்டு நின்றன. மனிதர் நிழல் பட்டாலே ஓடுகிற சாதி, நிழலுக்குள்ளேயே வந்து ஒதுங்கியது. ஒன்று துள்ளிப் படியில் விழுந்தது. பிறகு இன்னொன்று.

"தூண்டிலே தேவையில்லை!" பவா வாளியை எடுத்துக்கொண்டு குதித்தான். பிள்ளைகள் இரண்டும் கையால் அள்ளினார்கள். அருளம்பலமும் சிரித்துக்கொண்டு ஒன்றை எடுத்தான். அது துடிக்கவில்லை. பூனை வாயிலிருந்து பறித்த கோழிக்குஞ்சு மாதிரி உள்ளங்கையில் நடுங்கியது. படியில் நின்ற மீன்களைப் பார்த்தான். எல்லா வாலும் உள் இருட்டுப் பக்கம். ஒன்றாவது அந்தப் பக்கம் திரும்பவில்லை. நனைந்த சாக்கு, ஊறிய பனங்குற்றி என்று வழக்கமான மணங்களுக்கு அடியிலிருந்து வேறொரு மணம் மெல்ல ஏறியது. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அது.

"காணும் பிள்ளையள், ஏறுங்கோ," என்று வாய் திறந்தபோதுதான் சத்தம் கேட்டது.

சகடை. பீப்பாய்க் குண்டு போடுகிற அந்தக் கிழட்டுப் பிளேனின் உறுமல் முதலில் வயிற்றில்தான் கேட்கும். காதுக்குப் பிறகுதான் வரும். அந்த நாளில் யாழ்ப்பாணத்துக் கால்களுக்குத் தனி மூளை இருந்தது. அருளம்பலம் யோசிக்க முதல் வதனி அவன் இடுப்பில் இருந்தாள், பவா கழுத்தில் தொங்கினான், மூவரும் தண்ணீருக்குள் இறங்கியிருந்தார்கள். நெஞ்சளவு தண்ணீர். தலைக்கு மேலே பனங்குற்றி. காலுக்குக் கீழே கணுக்கால் புதையும் சேறு.

"தலையைக் குனியுங்கோ! ஆ எண்டு வாயைத் திறந்து வைச்சிருங்கோ!"

உறுமல் கூடியது. குற்றிகளுக்கிடையிலிருந்து மண் உதிர்ந்தது. பங்கர் வாய்க்கு வெளியே வளவு சதுரமாய், பளிச்சென்று, வெய்யிலில் தெரிந்தது. அங்கே, வேலிக்கு அந்தப் பக்கம், மகாதேவியக்கா கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தா. ஒரு சட்டையை உதறினா. கொடியில் போட்டா. அடுத்ததைக் குனிந்து எடுத்தா.

பனையில் காகம் அசையாமல் இருந்தது.

அருளம்பலம் படிப்பக்கம் பார்த்தான். வீட்டு நாய் வீமன் மேற்படியில் நின்றது. பிளேன் வருவதை மனிதருக்கு முன் அறிந்து, முதல் ஆளாகப் பங்கருக்குள் பாய்ந்து, நல்ல இடத்தையும் பிடித்துக்கொள்ளும் நாய் அது. இன்று இறங்கவில்லை. மயிர் சிலிர்த்து நின்றது. வானத்தைப் பார்க்கவில்லை. அவனையும் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் பார்த்தது.

சத்தம் மேலேயிருந்து வரவில்லை.

பின்னாலிருந்து வந்தது. பங்கரின் அடிமூலையிலிருந்து. தண்ணீருக்கு மேலாக.

அவன் மூச்சைப் பிடித்தான். உடனே சத்தமும் நின்றது.

சொட்டு. சொட்டு. குற்றியிலிருந்து தண்ணீர்.

பெருவிரலில் ஏதோ பட்டது. மெதுவாக. மணந்து பார்ப்பதுபோல. விலகியது. முழங்காலில் பட்டது. விலகியது. பிறகு அவனை விட்டுவிட்டு மேலே வந்தது, இடுப்பில் இருந்த வதனியின் கால் தண்ணீருக்குள் தொங்கிய இடத்துக்கு.

வதனி கிலுகிலுத்துச் சிரித்தாள். "கிச்சுக்கிச்சு மூட்டாதேங்கோ மாமா."

அவனுடைய இரண்டு கையும் தண்ணீருக்கு மேலே இருந்தன.

"மகாதேவியக்கா!" என்று கத்தினான். "அக்கோய்!"

அவ திரும்பிக் கண்ணுக்குக் கையை வைத்துப் பார்த்தா. "என்ன தம்பி, மீன் பட்டுதோ? எனக்கும் ரெண்டு வையும்!" வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டா.

படிக்கு இரண்டு முழத் தூரம்கூட இல்லை. காலைப் படிப்பக்கம் இழுத்தான். வரவில்லை. மற்றக் காலும் வரவில்லை. சேறு முழங்கால்வரை ஏறியிருந்தது. வதனியைத் தூக்கி, எட்டி, படியில் எறியாத குறையாகப் போட்டான். மீன்களுக்கு மேலே விழுந்து, வழுக்கி, அழுதுகொண்டு தவழ்ந்து ஏறினாள். வீமன் அவள் சட்டையைக் கவ்வி மேலே இழுத்தது. தலை வெய்யிலுக்குள் போனது. தோள் போனது. ஒன்று தப்பிவிட்டது.

"பவா, என்ரை தோளிலை ஏறி நிண்டு பாய். பாயடா ராசா!"

பவா தோளில் ஏறினான், பாயவில்லை. இருட்டுப் பக்கம் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"வதனிக் குஞ்சு," என்றது அடிமூலை இருட்டு. குணலட்சுமியின் குரல். அதே இழுவை, அதே அலுப்பு. "சோறு போட்டிட்டன். அண்ணாவையும் கூட்டிக்கொண்டு வா."

மேலே அழுகை நின்றது.

"போகாதை! அது அம்மா இல்லை! வதனி!"

வதனி திரும்பினாள். கண்ணைத் துடைத்தாள். நாய் விடவில்லை, சட்டை கிழிந்தது. படியில் குவிந்திருந்த மீன்களை மிதிக்காமல், பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைத்து, இறங்கினாள்.

"அம்மா வந்திட்டா மாமா," என்றாள். தண்ணீர் அவள் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. நாடிக்கு வந்தது. அவன் கை நீட்டினான். ஈரச் சட்டை கைக்குள் வழுக்கியது. அவள் தண்ணீருக்கு அடியால் அவனைக் கடந்து போனாள். தோளிலிருந்த பவா, தூக்கச் சொல்லி நிற்கும் கைக்குழந்தை மாதிரி, இருட்டை நோக்கி இரண்டு கையையும் நீட்டினான்.

"உனக்கும் போட்டிருக்கு, தம்பி. ஆறமுதல் வா."

படிப்பக்கம் ஒரு விரற்கடையும் வராத கால், இருட்டுப் பக்கம் வைக்கச் சேற்றை விட்டு இலேசாகக் கிளம்பியது.